அம்மாவின் ஜாடிக்கு அரசு முத்திரை

திராட்சையை வாயால் அறிந்தவர்கள்தாம் உலகில் அதிகம்; நான் அதை முதலில் காலால் அறிந்தவள். மொட்டைமாடி வெயிலில் சில நாள் கிடந்து தோல் லேசாகச் சுருங்கிய பன்னீர் திராட்சையை, துறைமுகத்திலிருந்து அப்பா கொண்டுவந்த பழைய பீப்பாயைக் குறுக்கே அறுத்துச் செய்த தொட்டியில் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் இறங்கி நின்றால் முதலில் பழத்தின் சூடு தெரியும், பிறகு விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகப் பிதுங்கி வெடிக்கும், சற்று நேரத்தில் ஊதா நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று கணுக்காலைச் சுற்றிக்கொண்டு மேலேறும், உள்ளங்காலின் கீழ் விதைகள் பொடிச் சரளை போல உருளும். "கல்லுல அரைச்சா விதை ஒடஞ்சு கசந்து போவும். காலுக்குத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்" என்பார் அம்மா. இறங்குவதற்கு முன் சிகைக்காய் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவரே குனிந்து நகக்கண்களைப் பார்த்து முடித்த பிறகுதான் அனுமதி. பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்துவிட்டேன். அந்த நகக்கண் தணிக்கைக்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை.

சாந்தோமில், கடற்கரைக்கு இரண்டு தெரு இப்பால், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். அறுபதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அவரைத் தெரு முழுவதும் "அண்ணாச்சி" என்றே அழைத்ததால் அவருடைய பெயரை நான் வாடகை ரசீதில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. சாலையைக் கடக்கக்கூட இருபுறமும் இரண்டு முறை பார்க்கிறவர். அம்மா லூர்து மேரி, காரைக்காலில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். அதனால் சிறுவயதில் கப்பலேறிப் போய், தெற்குப் பிரான்சில் கடலோரமாக இருந்த ஒரு சிற்றூரில் சில வருடங்கள் வளர்ந்து, இரண்டாம் உலகப்போர் வருவதற்குள் திரும்பி வந்தவர்.

அங்கே அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்களுக்கு மலைச்சரிவில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. "நம்ம கோயில் குளம் அளவுக்குத்தான் இருக்கும். அதுல ஒரு குடும்பமே நிமிர்ந்து நடந்துச்சு" என்பார் அம்மா. அறுவடைக்குக் கூலியாள் வைக்கும் வசதி இல்லாததால் மாமன், மச்சான், குடித்தனக்காரர், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லோரும் கத்தரிக்கோலோடு இறங்குவார்கள். அந்த அறுவடைக்கு அவர்கள் சொல்லும் பெயர் "வந்தான்ஜ்." அம்மா கடைசிவரை வேறு சொல்லைப் பயன்படுத்தவில்லை. எங்கள் மாடியில் பழம் பறிப்பது சித்திரையில் என்பதால், வந்தான்ஜ் என்பது சித்திரை மாதத்துக்கே இன்னொரு பெயர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பள்ளியில் தமிழ் மாதங்களை ஒப்பிக்கும்போது ஒருமுறை அப்படியே சொல்லி முழங்கையில் அடியும் வாங்கினேன்.

கொடி பிரான்சிலிருந்து வந்ததல்ல. கம்பத்திலிருந்து அப்பாவின் உறவினர் ஒருவர் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு சாண் குச்சி. அம்மா அதைக் கிணற்றடியில் நட்டு, சுவரோரமாக ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றி, மொட்டைமாடியில் சவுக்குக் கழிப் பந்தலில் பரவ விட்டார். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் திராட்சையா என்று தெரு சிரித்தது. "அங்கயும் உப்புக் காத்துதான்" என்று அம்மா சொன்னதோடு சரி. தை பிறந்ததும் அவர் கவாத்து செய்வதைப் பார்த்தால் பார்ப்பவருக்குப் பதறும். பச்சை என்று ஒன்று மிஞ்சாது. நீண்ட கிளைகளையெல்லாம் இரண்டு கணு, மூன்று கணு விட்டு வெட்டித் தள்ளிவிடுவார். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டும். முதல் வருடம் அண்ணாச்சி மேலே வந்து பார்த்துவிட்டு, "நல்லா வளந்த கொடியக் கொன்னுட்டீயளேம்மா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பங்குனியில் பூவும் பிஞ்சுமாகப் பந்தல் தெரியாமல் மூடியபோது அவரால் நம்ப முடியவில்லை.

பழத்தை அம்மா கழுவவே விடமாட்டார். தோலின்மேல் சாம்பல் பூத்தாற்போல இருக்கும் மாவுதான் அதைப் பொங்க வைப்பது, கழுவினால் அது போய்விடும். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பெல்லாம் போட்டு ஒன்று செய்வார்கள். ஊர் முழுவதும் அதற்குத்தான் ஒயின் என்று பெயர். அம்மா மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "பாயசம் நல்லா இருந்துச்சு" என்பார். எங்கள் பழத்தில் இனிப்புப் போதாது என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அவர் கண்ட வழி சர்க்கரை அல்ல, வெயில். பாயில் பரப்பி லேசாக வாடவிட்டால் பழம் தன் இனிப்பைத் தானே இறுக்கிக்கொள்ளும். அந்த நாட்களில் காக்காய் ஓட்டுவதும் பிறகு மிதிப்பதும் என் வேலைகள்.

மிதித்ததை இடுப்புயரப் பீங்கான் ஜாடியில் ஊற்றுவார். அது அண்ணாச்சி கடை ஜாடிதான். பித்தளை அண்டா மலிவாகத் தருகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பித்தளையில புளி நின்னா களிம்பு ஏறும், உங்களுக்குத் தெரியாததா" என்று அம்மா ஜாடியையே கேட்டு வாங்கினார். மறுநாளே ஜாடிக்குள்ளிருந்து முணுமுணுவென்று சத்தம் கேட்கும். தோலும் சக்கையும் மேலே எழும்பி ஒரு தொப்பி போலக் கட்டிக்கொள்ளும்; காலையிலும் மாலையிலும் அதை மரத்துடுப்பால் உள்ளே அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் காடியாகிவிடும். காடி என்றால் வினிகர். அம்மாவின் அகராதியில் அதைவிடக் கேவலமான சொல் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் சூடு ஏறாமல் இருக்க ஜாடியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, அதில் நாள் முழுவதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பொங்கி அடங்கியதும் மல் துணியில் வடித்து, கழுவின ஜாடியில் மறுபடி ஊற்றித் தெளியவிடுவார்.

இதெல்லாம் நடந்தது முழு மதுவிலக்கு அமலில் இருந்த மாநிலத்தின் தலைநகரில். குடிக்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. நம் சட்டங்கள் அவ்வளவு முரட்டுத்தனமானவை அல்ல. இவர் குடிக்காவிட்டால் இவருடைய உடம்பு தாங்காது என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தால் பர்மிட் கிடைக்கும். அதாவது குடிகாரன் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டவன் குடிக்கலாம். தேவாலயத்தில் பூசைக்கு வேண்டிய ஒயினுக்குத் தனி அனுமதி. தன் கொடியில் தன் கையால் விளைந்த பழத்தைத் தன் மகளின் காலால் மிதித்துக் கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கு ஒரு தம்ளர் ஊற்றுகிறவளுக்கு மட்டும் எந்தப் பிரிவிலும் இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த விதிகளை அடி முதல் நுனிவரை படித்தேன். அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. அப்பா ஒவ்வொரு சித்திரையிலும் மெதுவாகத் தொடங்குவார்: "லூர்து, இந்த ஒரு வருஷம் ஜாம் போட்டுடலாமே." அம்மா பாயை விரிக்கப் போய்விடுவார்.

ஒரு வருடம் வைகாசியில் அண்ணாச்சி மேலே வந்தார். மகனுக்கு ஆவணியில் கல்யாணம், மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட வேண்டும், பந்தலைப் பிரித்துக் கொடியை அடியோடு எடுத்துவிடுங்கள் என்றார்.

"அந்தப் பக்கம் பாதி மாடி காலியா கெடக்கே அண்ணாச்சி. அங்க கட்டுங்க."

"வாஸ்து பாக்கவன் இந்த மூலைலதான் சொல்லுதான்மா. கொடி என்ன, கெடைக்காத பொருளா? இன்னொண்ணு வச்சுக்கிடுவோம்."

"வெட்டித் தர மாட்டேன்" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. வெங்காயம் வாங்கவில்லை என்று காய்கறிக்காரியிடம் சொல்லும் அதே குரல்.

நான்காம் நாள் காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும் படியேறி வந்தார்கள். பின்னாலேயே அண்ணாச்சி. யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. போலீசாரை முந்திக்கொண்டு ஜாடி இருந்த மூலையைப் பார்த்தவர் அவர்தான். வீட்டைச் சோதனையிடுகிறவர் காரணத்தை எழுத வேண்டும், அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர் இருவரைச் சாட்சி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அவர்களுக்கும் அன்று நினைவுக்கு வரவில்லை.

"இன்னாம்மா இது, வாட தெருமுனைக்கே வந்துகினு கீது" என்றார் ஏட்டு, பந்தலடியில் உரத்துக்காகக் காய்ந்துகொண்டிருந்த சக்கையைக் காலால் தள்ளி.

சப் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். ஜாடியை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா நடக்குது?"

"நாளா? அஞ்சாறு வருசமாவே நடக்குது ஐயா. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"ஓ. பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" சப் இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "கட்டடம் உங்களுதுதானே? தெரிஞ்சே நடக்க விட்டிருந்தா கட்டடக்காரர் பேரையும் சேத்துத்தான் எழுதணும்."

அண்ணாச்சியின் முகத்தில் அப்போது தோன்றிய மாற்றத்தை, மேல்முறையீட்டில் சிக்கிக்கொண்ட எத்தனையோ புகார்தாரர்களின் முகத்தில் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். "நான் என்னத்தக் கண்டேன் ஐயா" என்றார். "ஊறுகாய்க்குக் காடி போடுதாகன்னுல்லா நெனச்சேன். காடிதான். எங்க வீட்டுல மாங்காய்க்குக்கூட வாங்கி ஊத்தியிருக்கு."

"காடின்னே எழுதிக்கலாம் சார்" என்றார் ஏட்டு. "இந்தம்மா இன்னா, சுண்டக்கஞ்சியா வித்துகினு கீது? புள்ளகுட்டிக்காரம்மா."

எல்லோருக்கும் பிழைக்க வழி கிடைத்துவிட்டது. அண்ணாச்சி தப்பினார், போலீசாருக்கு எழுத்துவேலை மிச்சம், எங்களுக்கு வழக்கு இல்லை. அம்மா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்தார். அகப்பையை ஜாடிக்குள் கலக்காமல் இறக்கி, பாதித் தம்ளர் மொண்டு, சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க ஐயா. காடியா இது?"

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா நாங்க போய்ட்டே இருப்போம்."

"தாராளமாப் போங்க. காடின்னு எழுதிட்டுப் போவாதீங்க. சிலுவையில தொங்குனவருக்குக் குடுத்தாங்களே, அதுதான் காடி. இது ஒயினு. நான் போட்டது. கெட்டுப் போவல."

"இன்னாம்மா நீ, வலிய வந்து மாட்டிக்கினு" என்று ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி "லூர்தம்மா, லூர்தம்மா" என்று கண்ணால் கெஞ்சினார். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, பெண்பிள்ளையிடம் பேசிப் பயனில்லை, உங்கள் கணவரைச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லுங்கள், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அந்தச் சாயங்காலத்தில் என் முழுக் கவலையும் அம்மா ஜெயிலுக்குப் போய்விடுவார் என்பதுதான். அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, போட வேண்டும் என்று லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டும் இருந்தேன். மூவரும் போனோம். சப் இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்ததை நீட்டினார்: மாடியில் இருந்தது ஊறுகாய்க்கான காடி, தவறான தகவலால் விசாரணைக்கு வர நேர்ந்தது, அவ்வளவுதான். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துறைமுகத்தில் சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல வரிவரியாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார் அப்பா.

"என்ன தப்பு?"

"காடின்னு போட்டிருக்கு. அது காடி இல்ல சார்."

"இன்னா நைனா, நீயுமா?" என்றார் ஏட்டு.

"கையெழுத்துப் போடலேன்னா கேஸ் எழுதணும். தெரியும்ல?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார்" என்று பேனாவை மூடினார் அப்பா. பேனா மூடி இரண்டாவது முயற்சியில்தான் பொருந்தியது. வெளியே வந்ததும் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து, ஒருபுறமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார்.

மறுநாள் முறைப்படி எல்லாம் நடந்தது. இரண்டு சாட்சிகள், கைப்பற்றியதற்கு ஒரு மகஜர், ரசாயனப் பரிசோதனைக்கு ஒரு பாட்டில். ஜாடியை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வண்டியில் வைத்தால் உடையும் என்பதால், கட்டட உரிமையாளரின் பொறுப்பில் முத்திரையிட்டு வைத்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. அம்மா குறுக்கே நின்றார். "மண்டியோட மூடுனா கெட்டுப் போவும். வடிச்சுத் தரேன், அப்புறம் சீல் வைங்க." அரசு ஊழியர்கள் மூவர் மொட்டைமாடியில் வெயிலில் நிற்க, அவர் அவசரமில்லாமல் மேலே தெளிந்ததை மட்டும் சின்ன ஜாடிகளில் மொண்டு, பெரிய ஜாடியைக் கழுவி, காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை திரும்ப நிரப்பிக் கொடுத்தார். தக்கையும் துணியும் அடைத்து, அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். நான்கு பேர் கயிறு கட்டி இறக்கி, அண்ணாச்சி வீட்டு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த்தொட்டியை ஒட்டிய இருட்டு மாடத்தில் வைத்தார்கள். முத்திரை உடைந்தால் அண்ணாச்சிதான் பதில் சொல்ல வேண்டும். அவர் அந்த மாடத்துக்குக் கதவு வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு அன்றே முடிந்திருக்கும். "செஞ்சது நான்தான். குத்தம்னு சொல்ல மாட்டேன்" என்றார் அம்மா. அதை மறுப்பு என்று எழுதிக்கொள்வதுதான் முறை, எழுதிக்கொண்டார்கள். அதன்பின் வாய்தா. பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று வாய்தா, வந்தது கையெழுத்தில்லாமல் வந்தது என்று வாய்தா. தை பிறந்தது, அம்மா கவாத்து செய்தார். சித்திரை வந்தது, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அதே மாடியில், பீப்பாய்த் தொட்டியை அப்பாவே வெயிலில் இழுத்துப் போட்டார். ஜாம் என்ற பேச்சே அவர் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணாச்சி மேலே வரவே இல்லை. வழக்குச் சொத்து இருக்கும் கட்டடத்தில் செங்கல் வைக்கக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் பந்தல் பிழைத்தது அந்த இல்லாத விதியால்தான். மகனின் கல்யாணம் அறை இல்லாமலே நடந்தது.

பிறகு மதுவிலக்கே தளர்ந்தது. தெருக்கோடியில் ஏலம் எடுத்தவர் கள்ளுக்கடை திறந்தார். அம்மாவின் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். கைப்பற்றிய பொருளைத் திரும்பப் பெறத் தனியாக மனு போட வேண்டும் என்பதால் அப்பா முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு மனு எழுதினார். அதே ஏட்டு வந்து, முத்திரை உடையாமல் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு, அரக்கைத் தட்டி உடைத்தார்.

அந்த நிமிடத்தில்தான் அம்மா பயப்படுவதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். இத்தனை மாதங்களில் காடியாகியிருந்தால், அவர் சொன்னது எல்லாமே எல்லோர் முன்னாலும் பொய்யாகியிருக்கும். தக்கை எடுக்கப்பட்டதும் அவர் உடனே குனியவில்லை. அப்பாதான் தம்ளரை நீட்டினார்.

உள்ளே போனபோது ஊதாவாக இருந்தது இப்போது கூரை ஓட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா முகர்ந்தார், ஒரு வாய் எடுத்து வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். "ஒருத்தரும் தொடாம, ஆடாம அசையாம, இருட்டுல, குளிர்ச்சியில இவ்வளவு நாள் வெச்சிருக்க எனக்கு இடம் எங்க இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கே தீர்ந்துபோகும் ஒயின், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வயதை அடைந்திருந்தது. ஏட்டும் ஒரு வாய் குடித்தார். "சர்க்காரு நல்லாத்தாம்மா ஊற வெச்சிக்கீது" என்றார். அண்ணாச்சி குடிப்பவர் அல்லர். தம்ளரை வாங்கி எட்ட வைத்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார்.

"காடி இல்ல" என்றார்.

சில வருடத்தில் மதுவிலக்கை மறுபடி கொண்டுவந்தார்கள், பிறகு மறுபடி எடுத்தார்கள். அதற்கும் எங்கள் மாடிக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. அம்மா கையில் கத்தரி பிடிக்க முடிந்தவரை தையில் வெட்டினார், சித்திரையில் பிழிந்தார். இப்போது அந்த இடத்தில் நான்கு மாடி அடுக்ககம் நிற்கிறது. கிணற்றை மூடிக் கார் நிறுத்துகிறார்கள். கையளவு தடித்த அந்தத் தண்டை ஒரு காலைப்பொழுதில் இயந்திரம் பெயர்த்துப் போட்டது. அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணாச்சியின் பிள்ளைகள் வடபழனிப் பக்கம் போய்விட்டார்கள். பீப்பாய் அறுத்துத் தருகிறவரும் இல்லை, வெறுங்காலுடன் நிற்க முடிந்த மொட்டைமாடியும் இல்லை. இருக்கும் மாடிகளில் செல்போன் கோபுரம் நிற்கிறது.

நான் அடையாறில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பால்கனியில் தொட்டியில் ஒரு கொடி வைத்திருக்கிறேன். கம்பிவேலியைத் தாண்டி மேல்வீட்டுக்காரரின் சுவர்வரை போயிருக்கிறது. கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதாகவும், பந்தல் அமைப்பது துணைவிதிகளுக்கு முரணானது என்றும், அகற்றாததற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. துணைவிதிகளைப் படித்துப் பார்த்தேன். அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. விளக்கம் கேட்கும் நோட்டீசுகளுக்கு விளக்கம் எழுதியே என் உத்தியோகத்தில் பாதி கழிந்தது. இதற்கு எழுதப் போவதில்லை. தை வருகிறது, வெட்டுகிற வேலை இருக்கிறது.